தாழ்ச்சி என்னும் பெயரில்

பெரியோரின் வாழ்வை எடுத்துரைக்கும்போது அவர்கள் பட்ட காயங்களையெல்லாம் அணிகலன்களாக மாற்றிவிடும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பசியில் வாடியவரைப் பற்றிப் பேசினால் பசியைப் புகழ்வோம். அவமதிக்கப்பட்டவரைப் பற்றிப் பேசினால் அவர் காத்த மௌனத்தைப் புகழ்வோம். பட்டினி போட்டவர் யார், அவமதித்தவர் யார் என்னும் கேள்விகள் புகழுரையின் இரைச்சலில் காணாமற்போய்விடும்.

அண்மையில் பள்ளியொன்றின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். சிறப்பு விருந்தினர் மாணவியரை நோக்கி, செசீலியா பெய்ன் என்னும் வானியல் அறிஞரின் கதையைச் சொன்னார். கதிரவன் எதனால் ஆனது என்பதை முதலில் கண்டவர் அவர். பெரியவர் ஒருவர் மறுத்தபோது எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டார், பல்லாண்டுகள் பொறுத்திருந்தார், இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், ஆகவே பெண்களே, பொறுமையும் தாழ்ச்சியும் உங்களை ஒருநாள் உயர்த்தும் என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. நமக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

அந்த உரையில் செய்திப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது கற்பித்த பாடம் முற்றிலும் தவறானது. செசீலியா பெய்ன் தம் வாழ்வில் எதைப் பெருந்தவறு என்று கருதினாரோ, அதையே அவருடைய பெருமை என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இதை மறுத்து எழுத வேண்டியது நம் கடமை எனக் கருதுகிறோம்.

முன்வரிசையில் ஒரு மாணவி

செசீலியா பெய்ன் 1900 மே 10ஆம் நாள் இங்கிலாந்தின் வெண்டோவர் என்னும் ஊரில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் தனியொருவராக மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 1919இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த, பெண்களுக்கான நியூனம் கல்லூரியில் கல்வி உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். தாவரவியல் படிக்கும் எண்ணத்தோடு போனவர் அவர்.

அவ்வாண்டு நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பித் தீவில் ஆராய்ந்து திரும்பியிருந்தார் ஆர்தர் எடிங்டன். ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தந்த அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஆற்றிய உரைக்கு நியூனம் மாணவியருக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டுகள் ஒரு சிலவே. தோழி ஒருத்தி போக இயலாததால் அவளுடைய சீட்டு செசீலியாவுக்குக் கிடைத்தது. அறைக்குத் திரும்பியவர், கேட்ட உரை முழுவதையும் ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். மூன்று இரவுகள் உறக்கம் வரவில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தாவரவியல் மாணவி வானியலுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

அக்காலக் கேம்பிரிட்ஜ் பெண்களை எவ்வாறு நடத்தியது என்பதற்கு ஒரு காட்சி போதும். அணுவின் உட்கருவைக் கண்டறிந்த ரூதர்போர்டின் வகுப்பில் பெண்கள் முன்வரிசையில்தான் அமர வேண்டும். அந்த வரிசையில் செசீலியா தனியாக அமர்ந்திருப்பார். பேராசிரியர் அவரை உற்றுப் பார்த்தபடி, பெண்களை விளிக்கும் சொல்லுக்கு வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்து வகுப்பைத் தொடங்குவார். ஆண் மாணவர்கள் கால்களைத் தரையில் உதைத்து ஆர்ப்பரிப்பார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இது நிகழ்ந்தது. படிப்பு முடிந்தபோது அவருக்கு முழுமையான பட்டமும் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் தன் மாணவியருக்கு ஆண்களுக்கு நிகரான பட்டம் அளிக்கத் தொடங்கியது 1948இல்தான்.

இங்கிலாந்தில் பெண்ணுக்குப் பள்ளி ஆசிரியப் பணிக்கு மேல் வழியில்லை என்று கண்ட அவர், 1923இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் ஹார்லோ ஷேப்லி, பெண்களுக்கென ஏற்பட்டிருந்த சிறிய ஆய்வு உதவித்தொகை ஒன்றை அவருக்கு அளித்தார்.

கண்ணாடித் தகடுகளும் ஒரு வினாவும்

அந்த வானாய்வுக்கூடத்தில் விண்மீன்களின் படங்களும் நிறமாலைகளும் பதிந்த கண்ணாடித் தகடுகள் பெருந்தொகையாகக் குவிந்திருந்தன. அவற்றைப் பல்லாண்டுகளாக அளந்தும் வகைப்படுத்தியும் வந்தவர்கள் பெண்கள். ஆண் உதவியாளர்களுக்குத் தருவதைவிடக் குறைந்த கூலிக்குக் கிடைத்ததும் அவர்களை அமர்த்தியதற்கு ஒரு காரணம். அவர்களுள் ஒருவரான ஆனி ஜம்ப் கேனன் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியவர். ஹென்ரியெட்டா லெவிட் என்பவர் 1912இல் கண்ட விதியொன்று, விண்வெளியின் தொலைவுகளை அளக்கும் கோலாகவே பின்னர் அமைந்தது.

இந்தச் செல்வத்தை அணுகிய செசீலியாவின் மனத்தில் ஒரு வினா இருந்தது. விண்மீன்களின் நிறமாலைகள் ஒன்றுக்கொன்று ஏன் வேறுபடுகின்றன? ஒன்றில் ஹைட்ரஜனின் கோடுகள் அழுத்தமாகத் தெரிகின்றன. மற்றொன்றில் இரும்பு, கால்சியம் போன்ற உலோகங்களின் கோடுகள் நிறைந்துள்ளன. அவை வெவ்வேறு பொருள்களால் ஆனவையா?

விடைக்கான திறவுகோல் நம் நாட்டிலிருந்து போனது. டாக்காவுக்கு அருகில் ஒரு சிற்றூரில் சிறுகடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாகா, 1920இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டிருந்தார். வெப்பம் மிக மிக அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. அணுவின் நிலை மாறினால் அது உண்டாக்கும் கோடுகளும் மாறும். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம் என்பது அதன் சாரம். ஒரு கோடு மங்கலாக இருப்பதனாலேயே அந்தத் தனிமம் குறைவு என்று கொள்ளக்கூடாது என்பது இதனால் தெளிவாயிற்று.

சாகாவின் சமன்பாட்டைக் கையிலேந்தி செசீலியா தகடுகளை ஆராய்ந்தார். விண்மீன்களின் நிறமாலை வேறுபாடுகளுக்குப் பெரும்பாலும் வெப்பநிலையே காரணம் என்று நிறுவினார். பின்னர் 18 தனிமங்கள் விண்மீன்களில் எந்த விகிதத்தில் உள்ளன என்று கணக்கிட்டார். பெரும்பாலானவற்றின் விகிதம் பூமியில் உள்ளதை ஒத்திருந்தது. இரண்டு மட்டும் ஒத்துவரவில்லை. ஹீலியம் மிக அதிகமாக இருந்தது. ஹைட்ரஜனோ, உலோகங்களைப் போல ஏறக்குறையப் பத்து இலட்சம் மடங்கு இருந்தது.

கதிரவனும் பூமியும் ஒரே வகைப் பொருளால் ஆனவை என்று அறிஞர் உலகம் அன்று நம்பியது. அந்த நம்பிக்கையைத் தகர்க்கும் கணக்கு, வயது இருபத்தைந்தை எட்டாத ஒரு பெண்ணின் மேசையில் இருந்தது.

ஒரு கடிதமும் ஒரு தொடரும்

ஷேப்லி அந்தக் கையெழுத்துப் படியைப் பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். அமெரிக்க வானியலில் அன்று ரஸ்ஸலின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஓர் இளைஞருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அவருடைய கடிதத்தைப் பொறுத்தது. 1925 ஜனவரியில் அவர் பதில் எழுதினார். ஆய்வின் பிற பகுதிகளைப் பாராட்டிவிட்டு, ஹைட்ரஜன் அவ்வளவு மிகுதியாக இருப்பது நடவாத காரியம் என்று திட்டமாகச் சொன்னார்.

அவ்வாண்டு வெளிவந்த ஆய்வேட்டில், தாம் கண்டறிந்த எண்களை செசீலியா மாற்றவில்லை. அட்டவணையில் அவை அப்படியே நின்றன. ஆனால் ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த அளவுகள் பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்னும் பொருள்பட ஒரு தொடரை உடன் சேர்த்தார். தாம் கண்ட மெய்யைத் தம் கையாலேயே பொய் என்று எழுதினார்.

அந்த ஆய்வேடு ராட்கிளிஃப் கல்லூரி வானியலுக்கு அளித்த முதல் முனைவர் பட்டத்தைப் பெற்றது. வானியலில் எழுதப்பட்ட முனைவர் ஆய்வேடுகளுள் தலைசிறந்தது அதுவே என்று ஆட்டோ ஸ்ட்ரூவ் என்னும் அறிஞர் பிற்காலத்தில் பாராட்டினார். 1929இல் ரஸ்ஸல் வேறொரு வழியில் தாமே கணக்கிட்டு, கதிரவனில் ஹைட்ரஜனே மிகுதி என்னும் அதே முடிவுக்கு வந்தார். தம் கட்டுரையில் செசீலியாவின் எண்களைக் குறிப்பிட்டு, தம் முடிவு அவற்றோடு ஒத்துப்போவதையும் எழுதினார். ஆயினும் கண்டுபிடிப்பின் புகழ் பல்லாண்டுகள் ரஸ்ஸலின் பெயரோடே ஒட்டிக்கொண்டது. கதிரவனின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

மூன்று மறுப்புகள்

நம்மோடு உடன்படாதவர்கள் மூன்று மறுப்புகளை எழுப்பக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: அறிவியலுக்கு எச்சரிக்கை வேண்டாமா? உலகமே ஏற்றுள்ள கருத்துக்கு மாறாக ஓர் இளையவர் எழுதும்போது மூத்தவர் தடுப்பது இயல்புதானே? இது நேர்மையான வினா. ரஸ்ஸல் கயவர் அல்லர். தாம் உண்மையென நம்பியதையே எழுதினார். தவறு என்று கண்டபோது தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் செய்தார். அவரைத் தூற்றிவிட்டு ஆறுதல் அடைவது நம் நோக்கமன்று. தீயவர் ஒருவரால் நேர்ந்த அநீதி என்றால் அவர் மறைந்ததும் அநீதியும் மறைந்திருக்கும். இங்கே நல்லவர்களே கூடி ஓர் உண்மையை வாயடைத்தார்கள் என்பதுதான் நம்மைக் கலங்கவைக்கிறது.

எச்சரிக்கை என்பது என்ன? எனக்குக் கிடைத்த எண்கள் இவை. இவற்றில் பிழை இருப்பதாக எனக்குத் தென்படவில்லை. பிறரும் ஆராய்ந்து பார்க்கட்டும் என்று எழுதுவது எச்சரிக்கை. தன் கணக்கு சரியென்று அறிந்திருந்தும், பிறர் சொல்லுக்காகத் தவறென்று எழுதுவது எச்சரிக்கையன்று; அது சரணடைதல். நிலையான வேலை இல்லாத, அந்நிய நாட்டில் வாழ்ந்த ஓர் இளம்பெண் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், நாமும் அதையே கேட்கிறோம். வேறு எதுவும் செய்ய முடியாத நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் செய்ததை நற்பண்பு என்று எப்படிப் பெயரிடலாம்?

இரண்டாவது மறுப்பு: இறுதியில் அவர் வென்றார் அல்லவா? ஆம், 1956இல் அவர் ஹார்வர்டில் முழுநிலைப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவுக்குள்ளிருந்தே பதவி உயர்ந்து அந்நிலையை எட்டிய முதல் பெண் அவரே. பின்னர் வானியல் துறைக்குத் தலைவராகவும் விளங்கினார். ஆனால் 1925இலிருந்து 1956 வரை 31 ஆண்டுகள். அந்த ஆண்டுகளை ஒரு மூச்சில் தாண்டிப் போவது பேச்சாளருக்கு எளிது. வாழ்ந்தவருக்கு அவை ஒவ்வொரு நாளாகத்தான் கழிந்தன.

அந்த நாள்களில் அவர் வகுப்பெடுத்தார். அவருடைய வகுப்புகளின் பெயர் 1945 வரை பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் அச்சேறவில்லை. அவருக்குத் தரப்பட்ட சொற்ப ஊதியம் வானாய்வுக்கூடத்தின் கருவிச் செலவுக் கணக்கில் எழுதப்பட்டது. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை கதிரவனின் இயல்பைக் கண்டவரும் ஒரு தொலைநோக்கியும் ஓரினம். தாம் உயிரோடிருக்கும்வரை அந்தப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் பதவி இல்லை என்று அதன் அன்றைய தலைவர் லோவெல் கூறியதாக ஷேப்லி தம்மிடம் தெரிவித்ததையும் செசீலியா பதிவுசெய்திருக்கிறார். 1934இல் ரஷ்ய நாட்டிலிருந்து அகதியாக வந்த செர்கேய் கப்போஷ்கின் என்னும் வானியலாளரை மணந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கணவரோடும் உதவியாளர்களோடும் சேர்ந்து, ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளைச் செய்தார்.

1976இல் அமெரிக்க வானியல் கழகம் தன் மிக உயர்ந்த சிறப்பை அவருக்கு அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்தச் சிறப்பின் பெயர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் சொற்பொழிவு. அதன்பின் மூன்றாண்டுகளில், 1979 டிசம்பர் 7ஆம் நாள் அவர் காலமானார்.

இது வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லும்போது ஒரு கணக்கை மறைக்கிறோம். ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்க்கும் அறிவும் உடல் வலிமையும் கொண்டிருந்த ஒருவர் முப்பத்தோராண்டுகள் தாக்குப்பிடித்தார். அத்தகைய வலிமை வாய்க்காமல் பாதிவழியில் திரும்பிப் போனவர்களின் கதையை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் யாரும் சொல்வதில்லை. அவர்களும் பொறுத்திருந்தவர்களே.

மூன்றாவது மறுப்புதான் நம்மைப் போன்றோரிடமிருந்து வருவது: தாழ்ச்சி நற்பண்பு அல்லவா? ஆம், தலைசிறந்த நற்பண்பு. அதனாலேயே அதன் பெயரைத் தவறாக வழங்கக் கூடாது என்கிறோம். தான் விரும்பிய விடை வராதபோதும் வந்த விடையை ஏற்பது தாழ்ச்சி. அந்தத் தாழ்ச்சி செசீலியாவின் எண்களில் இருந்தது. உலகத்தின் கருத்துக்கு எதிராக நிறமாலை பேசியபோது அவர் நிறமாலைக்குத்தான் செவிசாய்த்தார். அன்று தாழ்ந்து கேட்கவேண்டியிருந்தவர் அவர் அல்லர். உயர்ந்த இருக்கையில் இருந்தவர். ஆனால் ரஸ்ஸலிடம் தாழ்ச்சியைக் கேட்டவர் யார்? ஹார்வர்டின் தலைவரிடம் கேட்டவர் யார்? வலியவரிடம் ஒருபோதும் கேட்கப்படாமல் எளியவரிடம் மட்டும் கேட்கப்படும் தாழ்ச்சிக்கு வேறு பெயர் உண்டு.

செசீலியாவே இதற்குச் சான்று. தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் ரஸ்ஸலைக் குறைகூறவில்லை. தாம் சரியென்று நம்பியதை வற்புறுத்தாமல் அதிகாரத்துக்கு விட்டுக்கொடுத்தது தம் குற்றமே என்று எழுதினார். அதை ஏன் எழுதுகிறார் என்பதையும் சொன்னார்: இளையோருக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும், உண்மை உங்கள் பக்கம் இருப்பது உறுதியானால் அதற்காக நின்று வாதாடுங்கள் என்றார். தாம் செய்ததைச் செய்யாதீர்கள் என்று அவர் விட்டுச்சென்ற எச்சரிக்கையைத்தான், அவர் செய்ததையே செய்யுங்கள் என்று நம் மேடைகள் திருப்பிச் சொல்கின்றன.

நம் வீட்டுக் கணக்கு

ஹார்வர்டின் கணக்கைப் பார்த்த நாம் நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்பது நேர்மை. விண்மீன்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளை அளந்த பெண்கள் ஹார்வர்டில் மட்டும் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வானம் முழுவதையும் படம்பிடித்து விண்மீன் பட்டியல் ஆக்கும் பணியைப் பல நாடுகளின் வானாய்வுக்கூடங்கள் பங்கிட்டுக்கொண்டன. வத்திக்கான் வானாய்வுக்கூடமும் ஒரு பங்கை ஏற்றது. அந்தப் பங்குக்குரிய தகடுகளை 1910 முதல் 1921 வரை நுண்ணோக்கி வழியே நோக்கி, 4,81,215 விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அளந்து பதிந்தவர்கள் நான்கு அருட்சகோதரிகள்.

அவர்கள் யார்? நூறாண்டுக் காலம் புகைப்படங்களில் அவர்களுடைய முகங்கள் இருந்தன. வரலாற்று ஏடுகளில் பெயர்கள் இல்லை. பழைய தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இயேசு சபை அருட்பணியாளர் சபினோ மஃபேயோ கண்டெடுத்த பின்னரே, 2016இல் அவர்களுடைய பெயர்கள் உலகுக்குத் தெரியவந்தன. எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லுயீஜா பான்செரி. பெயரை நாடாமல் உழைப்பது அந்தச் சகோதரியரின் தாழ்ச்சியாக இருந்திருக்கலாம். அதை நாம் வணங்குகிறோம். ஆனால் பெயரை எழுதாமல் விட்டது அவர்களின் தாழ்ச்சியன்று. எழுதியிருக்க வேண்டியவர்களின் கவனக்குறைவு. மறைந்த பணி என்று மேடைகளில் நாம் போற்றுவதில் பணியாளர் தாமே மறைந்துகொண்டது எவ்வளவு, நாம் மறைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.

என்ன செய்யலாம்?

செசீலியா பெய்னின் கதையைச் சொல்லாதீர்கள் என்று நாம் கூறவில்லை. இன்னும் மிகுதியாகச் சொல்லுங்கள். ஆனால் 1956ஐச் சொல்லும்போது 1925ஐயும் சொல்லுங்கள். அந்த ஆய்வேட்டில் எண்கள் மெய் சொல்ல, அருகிலிருந்த தொடர் அதை மறுத்தது என்பதைச் சொல்லுங்கள். அந்தத் தொடரை எழுதவைத்தது எது என்று மாணவியரையே கேளுங்கள். அவர்கள் தரும் விடைகள் விழா மேடைக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கலாம், இருக்கட்டும்.

பாடம் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. மேடையில் அமர்ந்திருப்போருக்கும், வீட்டுத் தலைவர்களுக்கும், பள்ளி நிர்வாகிகளுக்கும், பங்குப் பேரவையில் முதல் சொல்லும் இறுதிச் சொல்லும் தமக்கே உரியவை எனக் கருதுவோருக்கும் அதில் பெரும்பகுதி உரியது. இளையவள் ஒருத்தி நாம் எதிர்பாராத ஒன்றைச் சொல்லும்போது, உனக்கு இதைச் சொல்லும் தைரியம் எப்படி வந்தது என்று கேட்பதா, இதற்கு உன்னிடம் உள்ள சான்று என்ன என்று கேட்பதா? இந்த இரு கேள்விகளில் எதை நாம் முதலில் கேட்கிறோம் என்பதில்தான் நம் தாழ்ச்சி விளங்கும். 1925இல் ரஸ்ஸல் இரண்டாவது கேள்வியைக் கேட்டு அந்தக் கணக்கைப் பொறுமையோடு சரிபார்த்திருந்தால், வானியலுக்கு நான்காண்டுகள் மிச்சமாகியிருக்கும். அவருடைய பெயருக்கும் அது இன்னும் பெரிய பெருமையாக இருந்திருக்கும்.

அந்தப் பரிசளிப்பு விழாவில் பரிசு பெற்ற சிறுமி ஒருத்தி மேடையிலிருந்து இறங்கும்போது, அந்தப் பெரியவர் ஏன் மறுத்தார் என்று தன் ஆசிரியையிடம் கேட்டாள். ஆசிரியை அவளை இருக்கையில் போய் அமரச் சொன்னார். அவளுக்கு யாரும் விடை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவளுக்காகவும் எழுதினோம்.